சம்பத்குமார் நிறுத்திய விண்கலம்

கோவையில் சினிமா பார்க்கும்போது யாராவது படத்தில் உள்ள தப்பை வாய்விட்டுச் சொன்னால், படம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தத் தப்பால் வேலை கெட்டுப்போன ஆள் திரையிலிருந்து இறங்கி, தப்பு சொன்னவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதைச் சரிசெய்து தரும்வரை அவருக்குச் சாப்பாடு போட்டு, படுக்க இடம் கொடுக்க வேண்டும். பிறகு அதே தியேட்டருக்கு அழைத்துப் போய், அதே சீட்டிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கம் சொல்ல வேண்டும். சொல்கிறவனே அதை நம்பாவிட்டால் படம் ஓடாது. இதனால்தான் ஊரில் பெரும்பாலானவர்கள் வாயில் பாப்கார்னைப் போட்டு அடைத்துக்கொண்டு படம் பார்க்கிறார்கள்.

சம்பத்குமாருக்கு அந்த வழக்கம் இல்லை. பீளமேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் அவன் டெஸ்டர். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' என்ற பொத்தானை அழுத்தி, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவனுடைய உத்தியோகம். சின்ன வயதில் விண்வெளிப் படங்களாகப் பார்த்துத் தள்ளி, நிலாவுக்குப் போகப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு இன்ஜினியரிங் சேர்ந்தவன், பீளமேடு வரைக்கும் போய்ச் சேர்ந்தான். புது போன் எது வந்தாலும் முதல் ஆளாக வாங்குவான். அவன் வீட்டில் விளக்கு, ஃபேன், மோட்டார் எல்லாம் வாயால் சொன்னால் கேட்கும். அவன் சொன்னால் அல்ல, அவன் மனைவி பூங்கோதை சொன்னால்.

ஞாயிறு மதியக் காட்சிக்கு ஹெச் வரிசை முழுவதும் அவனுடைய நண்பர்கள்தான் உட்காருவார்கள். 'லாஜிக் நண்பர்கள்' என்று வாட்ஸாப்பில் குழு வைத்திருப்பவர்கள். மற்றவர்கள் இடைவேளைவரை பொறுத்திருந்து, வெளியே டீயும் பஃப்ஸுமாக நின்று தப்பு சொல்வார்கள். வெளியே சொன்னால் கணக்கில் வராது. சம்பத்குமார் ஒருவன்தான் உள்ளேயே, சீட்டிலேயே சொல்வான். அதனால் குழுவில் அவனுக்கு நல்ல மரியாதை இருந்தது. ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் தெய்வசிகாமணியே அவனுக்கு ஓரத்து சீட்டை விட்டுக்கொடுத்திருந்தார்.

அவன் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மனிதன் ஒருவன் வந்தான். உடம்பு முழுக்க வெளிச்சம் ஊடுருவினால் கண்ணிலும் ஊடுருவும், அப்புறம் எப்படிப் பார்வை தெரியும் என்று சம்பத் கேட்டிருந்தான். கடைசியில் கண்கள் மட்டும் வெளியே தெரியட்டும் என்று முடிவாயிற்று. போகும்வரை இரண்டு கண்கள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தன. காலப்பயணி ஒருவர் படம் ரிலீஸாகும் முன்பே வந்து சேர்ந்துவிட்டார். மனுஷரைக் காத்திருக்கவைப்பது முறையல்ல என்று, சம்பத் முதல் நாளே டிக்கெட் வாங்கிப் போய் அந்தத் தப்பைச் சொல்லிவிட்டு வந்தான்.

மாயாஜாலப் படங்களுக்கு மட்டும் அவன் எதுவும் சொல்ல மாட்டான். யானைக் கனமுள்ள டிராகன் சின்ன றெக்கையை அடித்துக்கொண்டு மேகத்துக்கு மேலே போனால் கைதட்டுவான்.

கேப்டன் ரூனா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

அன்றைக்குப் பார்த்த படத்தில், ரூனாவின் மகள் எல்மா தூரத்து விண்வெளி நிலையம் ஒன்றில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். நிலையத்தில் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தை உள்ளங்கையை ஜன்னல் கண்ணாடியில் பதித்து அம்மா வரும் திசையைப் பார்த்தாள். ரூனா கப்பலைத் திருப்பினார். தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து சம்பத், "இந்த எரிபொருளை வெச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் போகவே முடியாது. கணக்கு உதைக்குது" என்றான். கப்பலின் இன்ஜின் அணைந்தது. குழந்தை கையைக் கண்ணாடியில் வைத்தபடியே நின்றுவிட்டாள். குழு அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது.

பூங்கோதை கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. பஸ் கிடைச்சுதுங்களா?" என்று கேட்டு, ஹெல்மெட்டை வாங்கிச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

ரூனா அந்தப் படத்தின் தமிழ் டப்பிங் பதிப்பிலிருந்து வந்தவர். அதனால் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் பேச்சு வரும். சில சமயம் உதடு நாலு தடவை அசைந்தாலும் "சரி" என்று ஒரு சொல்தான் வரும். பூங்கோதை முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டாள்.

"என் மகள் காத்திருக்கிறாள்" என்றார் ரூனா. "தயவுசெய்து விரைவாகச் சரிசெய்யுங்கள்."

"நாளைக்கே முடிச்சிரலாமுங்க. சின்ன கணக்குதான்" என்றான் சம்பத்.

அது சின்ன கணக்காக இல்லை. டேங்கைப் பெரிதாக்கினால் கப்பலின் எடை கூடியது. எடை கூடினால் அதைத் தள்ளுவதற்கே இன்னொரு டேங்க் வேண்டியிருந்தது. அந்த டேங்கைத் தள்ள இன்னொன்று. திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டு அவன் வரைந்த கப்பலில் டேங்குகள் மட்டும் இருந்தன, ரூனா உட்கார இடமில்லை. பிறகு சூரிய ஒளி தள்ளிக்கொண்டு போகும் பாய்மரத்தைக் கட்டிப் பார்த்தான். அது கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் போய்ச் சேரும்போது எல்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். இதை அவன் பெருமையோடுதான் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் ரூனாவின் முகத்தைப் பார்த்தபிறகு மிச்சத்தைச் சொல்லவில்லை.

ரூனா எழுந்தார். சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜ் கதவில், ஒரு குழந்தையின் கை எட்டுகிற உயரத்தில், தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சம்பத்துக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் தப்பு சொன்னதற்காக அவன் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் படம் மாறிவிடும். பாதியில் நின்ற படம் அப்படியே திரும்பிப் போய்விடும். அதற்குப் பிறகு கண்ணாடியில் பதிந்த எல்மாவின் கையை யாராலும் கீழே இறக்க முடியாது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அவன் ஒரு தந்திரம் செய்தான். ரூனாவை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போய், ஹெச் வரிசை ஓரத்து சீட்டில் உட்கார்ந்து, "அந்தக் கப்பல்ல இருக்கறது குவாண்டம் இன்ஜினுங்க" என்று சத்தமாகச் சொன்னான். தனக்கு விளங்காத எல்லாவற்றுக்கும் அவன் குவாண்டம் என்றுதான் சொல்வான், குழுவில் அது எடுபடும். கப்பல் ஒரு தடவை இருமியது. அப்புறம் அசையவில்லை. அவனே நம்பவில்லை என்பது கப்பலுக்குத் தெரிந்துவிட்டது. ரூனா அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை பூங்கோதை தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, போன மாசம் ஒரு டிராகன் படம் பாத்தமில்லைங்க. அது என்ன எரிபொருள்ல பறந்துச்சு?"

"அது மாயாஜாலப் படம் பூங்கோத. முதல் சீன்லயே மந்திரவாதி வந்துட்டாரே. அப்புறம் கேள்வி கேக்கக் கூடாது."

"இந்தப் படத்துல மந்திரவாதி இல்லாததுதான் குறையா?"

"இது அறிவியல் படம். இதுல நடக்கறதுக்கெல்லாம் காரணம் இருக்கணும்."

"நம்ம வாழ்க்கையில அப்படியெல்லாம் இருக்குதுங்களா என்ன?" என்று கேட்டுவிட்டு அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

சம்பத் யோசித்தான். கப்பலை மாயாஜாலப் படத்துக்கு மாற்றிவிட்டால் கணக்கே தேவையில்லை. ஒரு மந்திரவாதியை மட்டும் எங்கிருந்தாவது கொண்டுவந்தால் போதும். ரூனாவிடம் சொன்னான். அவருடைய உதடுகள் நெடுநேரம் அசைந்தன.

"நான் பயிற்சி பெற்ற விமானி" என்று கடைசியில் பேச்சு வந்தது. "மந்திரத்தால் வந்தேன் என்று என் மகளிடம் எப்படிச் சொல்வேன்?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இவர் தன் குழுவில் சேர்ந்திருக்க வேண்டியவர் என்றுகூட சம்பத் நினைத்தான்.

வியாழக்கிழமை காலை ஹால் ஃபேன் நின்றுபோனது. சம்பத் அதைப் பார்த்து மூன்று விதமான ஆங்கில உச்சரிப்பில் ஓடச் சொன்னான். அது ஓடவில்லை, பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. அவன் எழுந்துபோய், மூலையில் பச்சையாகக் கண்சிமிட்டிக்கொண்டிருந்த வைஃபை பெட்டியின் சுவிட்சை அணைத்தான். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டான். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

ரூனா இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். "என்ன செய்தீர்கள்?"

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேனுங்க."

"எதைச் சரிசெய்தீர்கள்?"

"எதையும் சரிசெய்யலைங்க. சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன்."

"பிறகு ஏன் ஓடுகிறது?"

சம்பத் வாயைத் திறந்தான். குவாண்டம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. ஆபீசில் சர்வர் படுத்தால் அவன் இதைத்தான் செய்வான். போன் ஹேங் ஆனால் இதைத்தான் செய்வான். அமெரிக்காவிலிருந்து பெரிய அதிகாரிகள் கூப்பிட்டுக் கேட்டாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வான். அவனுடைய மொத்த விஞ்ஞானமும் அந்த ஒரு சுவிட்சில்தான் உட்கார்ந்திருந்தது. ஏன் சரியாகிறது என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை, அவனும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் அதை நம்பினான். உலகத்தில் அவன் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.

"ஹெல்மெட்டை எடுத்துக்குங்க" என்றான்.

மதியக் காட்சிக்குப் பூங்கோதையும் வந்தாள். விளக்கம் சொல்கிற காட்சிக்குக் குழு முழுவதும் வந்து ஹெச் வரிசையை நிரப்பியிருந்தது. ரூனா மேடையில் ஏறித் திரைக்குள் போய், அணைந்த இன்ஜினுக்கு முன்னால் உட்கார்ந்தார். தூரத்து ஜன்னலில் எல்மாவின் கை அப்படியே இருந்தது.

சம்பத் எழுந்து நின்றான். "கேப்டனுங்க, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு, பத்து எண்ணிட்டு, ஆன் பண்ணுங்க. ஓடும்."

தெய்வசிகாமணி எழுந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "ஏன் ஓடும் தம்பி?"

அவன் பேரெடுத்தது முழுக்க இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுத்தான். அவன் நாற்பது பேருக்கு முன்னால், மனைவிக்கு முன்னால், ஓரத்து சீட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெரியாது என்று பொது இடத்தில் அவன் இதுவரை சொன்னதில்லை. பஸ் எங்கே நிற்கும் என்று வெளியூர்க்காரர் கேட்டால்கூட எதையாவது சொல்லி அனுப்பிவிடுவான். திரையில் அந்தச் சின்னக் கையைப் பார்த்தான்.

"தெரியலைங்க சார்" என்றான். "எனக்குச் சுத்தமா தெரியலைங்க. ஆனா ஓடும்."

தெய்வசிகாமணி யோசித்தார். காலையில்தான் அவர் தன்னுடைய இன்வெர்ட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு வந்திருந்தார். வரிசையில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை அணைத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். "அது வாஸ்தவந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

ரூனா அணைத்தார். பத்து எண்ணினார். போட்டார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு படம் தன் போக்கில் ஓடியது. வெற்றிடத்தில் கப்பல் பெரிய சத்தத்தோடு போனது, சம்பத் அதைக் கண்டுகொள்ளவில்லை. கப்பல் நிலையத்தோடு சேர்ந்தது. கதவு திறந்து, கப்பலின் காற்று நிலையத்துக்குள் வந்தது. எல்மா கண்ணாடியிலிருந்து கையை எடுத்து, மிதந்துவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சம்பத்துக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டையில் ஒற்றி எடுக்கிற அழுகை இல்லை. மூக்கை உறிஞ்சி, தோள் குலுங்கி, பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிற அழுகை.

எல்மா அம்மாவின் தோளில் முகத்தை வைத்தபடி திரைக்கு இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா, நம் கப்பலை நிறுத்தியவர் அவர்தானே? அவரே இப்படி அழுவாரா? இது நம்பும்படி இல்லையே" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

தியேட்டர் அந்த இடத்திலேயே நின்றது. தெய்வசிகாமணி எடுத்த பாப்கார்ன் வாய்க்குப் போகும் வழியில் நின்றது. கதவோரம் ஒருவர் கொட்டாவி விட்டபடி நின்றார். அவனுடைய முதுகைத் தடவிக்கொடுக்க நீண்ட பூங்கோதையின் கை, முதுகைத் தொடாமல் பாதியில் நின்றிருந்தது.

சம்பத் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அதன்மேல் இடிக்காமல் நகர்ந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, மேடை ஏறித் திரைக்குள் போனான்.

நிலையத்தில் அவனுக்குச் சூடாகக் கஞ்சி போன்ற ஒன்றைக் குழாயில் கொடுத்தார்கள். தூங்குவதற்கு ரூனா ஒரு பையைச் சுவரோடு சேர்த்துக் கட்டினார். எல்மா எதிரே மிதந்துகொண்டு, "சொல்லுங்கள், ஏன் அழுதீர்கள்?" என்று கேட்டாள்.

"தெரியலை கண்ணு" என்றான்.

"இதற்கு அந்தப் பதில் செல்லாது" என்றாள் எல்மா. "யோசித்துச் சொல்லுங்கள். நாங்கள் இங்கேதான் இருப்போம்."

அவன் ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் கையை வைத்தான். அந்தப் பக்கம், இருட்டில், ஹெச் வரிசையில் பூங்கோதையின் கை தெரிந்தது. மறுபடி அழுகை வந்தது. கண்ணீர் கீழே விழவில்லை. எடையில்லாத இடத்தில் அது கன்னத்தில் இறங்காது, கண்ணிலேயே உருண்டு திரண்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு விஷயத்தைப் படத்தில் சரியாகவே எடுத்திருந்தார்கள்.