சர்வீஸ் முடிந்தது

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு செக்கர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

மருமகளின் போன் அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும். கதவின் மேல் மூலையில் ஒட்டியிருந்த வெள்ளை டப்பியில் பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி.

செக்கர் என்பது அவர் பெயர் இல்லை. முப்பத்தொரு வருடம் பார்த்த வேலை. பஸ்ஸில் நடுவழியில் ஏறி, 'டிக்கெட் எங்கே?' என்று கேட்டுப் பலர் வயிற்றில் புளியைக் கரைத்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. மறதி நோய் வந்து மூன்று. காலையில் சாப்பிட்டது மதியம் நினைவிருக்காது. மருமகளையே சில நாள் "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்று மரியாதையாக விசாரிப்பார். ஆனால் நாலு மணி ட்யூட்டி மட்டும் மறக்கவில்லை. மூன்றரை ஆனால் கால் ஷூவைத் தேடும்.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற பணிப்பெண் மூன்று மணிக்குக் கிளம்பிவிடுவார். மருமகள் வீடு திரும்ப நாலரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குத்தான் டப்பி. கதவு திறந்தால் அவள் போன் கத்தும். அவள் உடனே கீழ்த்தளத்து டெய்லரைக் கூப்பிடுவாள். அவர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடிவந்து, "சார், புது யூனிஃபார்முக்கு அளவு எடுக்கச் சொன்னாங்க" என்று செக்கரைக் கடைக்குள் உட்கார வைத்துவிடுவார். ஒரு வருடமாக இந்த ஏற்பாடு பிசகவில்லை. டெய்லரிடம் செக்கரின் அளவு நூறு தடவைக்கு மேல் எழுதியிருந்தது.

வெளியே பூட்டிவிட்டுப் போகலாமே என்று கேட்காதவர் கிடையாது. ஒருநாள் பூட்டினார்கள். அன்றைக்கு அவர் அடுப்பைப் பற்றவைத்து மறந்துபோய், புகை ஜன்னல் வழியே வந்த பிறகு டெய்லர் பூட்டை உடைத்தார். அதோடு டாக்டர் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

புகை விஷயம் நாத்தனார் காதுக்கும் போனது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே வரியில் விடை சொல்லிப் பழகியவர். இன்னொரு தடவை அப்பாவுக்கு ஏதாவது ஆனால், மறுநாளே முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவதாக அன்றே சொல்லியிருந்தார். இல்லத்தில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். ஆறு பேருக்கு ஒரு அறை. மருமகள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு சாப்பிடவில்லை.

அவளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. நாலு மணிக்கு மெழுகுப் பல்வரிசை ஒன்றைக் கடைசியாகச் சீவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனில் ஆப்பைத் திறந்து பார்த்தாள். தினமும் பார்ப்பதுதான். 'கதவு மூடியுள்ளது' என்று காட்டியது. நிம்மதியாகப் போனைப் பைக்குள் போட்டாள்.

அந்த நேரத்தில் அவளுடைய மாமனார் வீட்டிலிருந்து மூன்று ஸ்டாப் தள்ளி, ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தார்.

நாலரைக்கு அவள் படியேறியபோது கதவு ஒரு சாண் திறந்திருந்தது. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. ஷூ வைக்கிற இடம் காலி. குளியலறை, பால்கனி, மொட்டை மாடி மூன்றையும் மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டாள். டெய்லர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நூல் வாங்கப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் அவரைக் கூப்பிடவில்லையே.

போனை எடுத்துப் பார்த்தாள். இப்போதும் 'கதவு மூடியுள்ளது.' நிமிர்ந்து கதவைப் பார்த்தாள். அது திறந்து கிடந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தின் உச்சியிலோ இருந்தான், காற்று இரைந்தது.

"மாமாவைக் காணோம். டப்பி அடிக்கவே இல்லை."

"அதெப்படி? அதுக்கு சர்வீஸ் முடிஞ்சு ரெண்டு நாள்தானே ஆகுது."

போன வாரம் சாப்பிடும்போது அவன் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. கதவு டப்பிக்கு ஒண்ணாம் தேதி சர்வீஸ் முடியுதாம் என்றான். வீட்டுக்கு ஆள் வருவானா என்று அவள் கேட்டதற்கு, அவங்க இருந்த இடத்துலேருந்தே பண்ணிடுவாங்க போல என்றான்.

"அந்த மெசேஜை அப்படியே படிங்க" என்றாள்.

அவன் தேடிப் படித்தான். "'உங்கள் கதவுக் காவலன் சர்வீஸ் ஒன்றாம் தேதி நண்பகலுடன் முடிகிறது. இதுவரை எங்களுடன் இருந்ததற்கு...'" அங்கே நிறுத்தினான். காற்று மட்டும் இரைந்தது. பிறகு மெதுவாக, "'...நன்றி'" என்றான்.

தினமும் நாலு லிஃப்டுக்கு எண்ணெய் போட்டு, கயிறு பார்த்து, அட்டையில் 'சர்வீஸ் முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் அவன். அந்த வார்த்தைக்கு அவன் அகராதியில் ஒரே அர்த்தம்: இனி மூன்று மாதத்துக்குக் கவலையில்லை. கம்பெனிக்காரன் சொன்ன அர்த்தம் வேறு. அந்தக் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது. பழைய மாடல்களை இனி கவனிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. டப்பி அனுப்புகிற தகவலை வாங்கி அவள் போனுக்குத் தள்ளிவிட அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. பச்சை விளக்குக்குப் பேட்டரி இருந்தால் போதும், சிமிட்டும். ஆப் கடைசியாகத் தெரிந்ததையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லும்.

"நான் பஸ் ஸ்டாப்புக்குப் போறேன். நீங்க கீழே இறங்குங்க" என்றாள். திட்ட நேரமில்லை.

ஸ்டாப்பில் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. நாத்தனார்.

"அப்பா எங்கே?"

பொய் சொல்ல ஒரு விநாடி நினைத்தாள். "தேடிட்டிருக்கேன் அண்ணி."

"தேட வேண்டாம். டெப்போவுல இருக்கார். நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்."

செக்கரின் சட்டைக் காலர்களின் உட்புறம் ஒரு போன் நம்பர் தைத்திருக்கும். அன்றைக்கு அவர் போட்டிருந்தது மகள் வீட்டில் இருந்த காலத்துச் சட்டை. அதில் மகள் நம்பர்.

டெப்போவில் கண்டக்டர் நடந்ததைச் சொன்னார். பெரியவர் ஏறியதும் டிக்கெட் கேட்க ஆரம்பித்திருக்கிறார். குரலில் இருந்த தோரணையில் எல்லோரும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். கண்டக்டருக்கே சந்தேகம் வந்து பையைச் சரிபார்த்திருக்கிறார். கடைசி சீட்டில் ஒருத்தனிடம் நிஜமாகவே டிக்கெட் இல்லை. மாட்டிக்கொண்டவன் அவரைத் தள்ளிவிட்டு இறங்கி ஓடிவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு, நெற்றியில் ஒரு வீக்கம்.

"நாப்பது பேர்ல கரெக்டா அவனைப் பிடிச்சார்மா. எங்க ஆளுங்ககூட பிடிக்க மாட்டாங்க" என்றார் கண்டக்டர், கொஞ்சம் பெருமையாக. நாத்தனார் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

லிஃப்ட்காரன் கிரீஸ் கையோடு வந்து சேர்ந்தான். அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். சர்வீஸ் என்ற வார்த்தை அவனைக் கவிழ்த்த கதையைக் கேட்டு அக்கா சிரிக்கவில்லை.

"நீ படிச்சது தப்பு. சரி. ஆனா அப்பா நெத்தியில வீங்கியிருக்கே, அதை எப்படிப் படிக்கிறது?"

நாத்தனார் திங்கட்கிழமை அவரை இல்லத்துக்குக் கூட்டிப்போவதாக முடிவு சொன்னார். மருமகள் ஞாயிறு மாலை வரை அவகாசம் கேட்டாள். கதவுக்கு வேறு ஏற்பாடு செய்கிறோம், நீங்களே வந்து சோதித்துப் பாருங்கள், அதில் தேறவில்லை என்றால் நானே துணிமணி எடுத்து வைக்கிறேன் என்றாள். பரீட்சை என்ற வார்த்தைக்கு டீச்சர்கள் மயங்குவார்கள். நாத்தனார் சம்மதித்தார்.

சனிக்கிழமை கணவனும் மனைவியும் பழைய டப்பி வாங்கிய கடைக்கே போனார்கள். கடைக்காரர் புது மாடலை மேசையில் வைத்து, இதில் முகம் தெரியும், குரல் கேட்கும், வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம் என்று அடுக்கினார்.

"இந்தக் கம்பெனி இழுத்து மூடிட்டா இது அடிக்குமா?" என்றாள் மருமகள்.

"அவ்வளவு பெரிய கம்பெனி எங்கம்மா மூடப்போகுது?"

"போன டப்பிக்கும் இதையேதான் சொன்னீங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவள் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிக்காட்டச் சொன்னாள். பிடுங்கினார். புது மாடல், படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தவன் மாதிரி முழித்தது. இன்னொரு மாடலும் முழித்தது. மூன்றாவது காதைப் பிளக்கிற சைரனோடு அலறியது. திருடன் தெறித்து ஓடுவான் என்றார் கடைக்காரர்.

"எங்க மாமனார் திருடன் இல்லைங்க. அவர் பயந்துடக் கூடாது. எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரன் திரும்பினான். "லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் பட்டனை அமுக்கினா, அது நெட்டைத் தேடுறதில்லையே. உள்ளே ஒரு சிம் இருக்கு. நேரா போன் போடும். முதல் ஆள் எடுக்கலைன்னா ரெண்டாவது, அப்புறம் மூணாவது. யாராவது எடுத்து ஒண்ணை அமுக்குற வரைக்கும் விடாது. வீட்டுக் கதவுக்கு அந்த மாதிரி இருக்கா?"

இருந்தது. கடைக்காரர் பின்பக்கம் போய், தூசு தட்டி, ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்தார். பார்க்க அவ்வளவு லட்சணமில்லை. ஆப் கிடையாது. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சுவிட்ச், சுவிட்சுக்கும் பெட்டிக்கும் நடுவில் வயர். யாரும் கேட்பதில்லை என்றார். அவள் கேட்டாள், விடாமல் கேட்டாள். கரண்ட் போனால் உள்ளே பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும். காந்தம் கெட்டால் வேறு கம்பெனிக் காந்தம் பொருந்துமா. நம்பரை மாற்றக் கம்பெனியின் தயவு வேண்டுமா. எட்டு மணி நேரம், எந்தக் காந்தமும் பொருந்தும், யார் தயவும் வேண்டாம். சிம்மை மட்டும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கை நம்பக் கூடாது என்று கடைக்காரரே சொன்னார். புத்தி வந்திருந்தது.

அன்று இரவே லிஃப்ட்காரன் வயர் இழுத்துப் பெட்டியை மாட்டினான். நம்பர்களை மருமகள் ஏற்றினாள்.

ஞாயிறு மாலை நாத்தனார் வந்தார். அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் இணைய வயரைப் பிடுங்கினார். அதோடு விடவில்லை, மெயின் சுவிட்சையும் அணைத்தார். மின்விசிறி நின்றது. "என்ன, மறுபடியும் கட்டா?" என்றார் செக்கர். நாத்தனார் போய்க் கதவைத் திறந்தார்.

எந்தச் சத்தமும் இல்லை. பத்து விநாடி. பன்னிரண்டாவது விநாடியில் ஒரு போன் அடித்தது.

நாத்தனாரின் கைப்பைக்குள்.

எடுத்துக் காதில் வைத்தார். பெட்டியில் மருமகள் பதிந்து வைத்திருந்த குரல் பேசியது: "அப்பா கதவைத் திறந்துட்டார்." ஒன்றை அமுக்கினார். அடங்கியது.

"முதல் நம்பர் என்னோடதா? எதுக்கு?"

"என்னோடது ரெண்டாவதா இருக்கு அண்ணி. பெட்டி வேலை செய்யுதா இல்லையான்னு நான் சொன்னா நம்புவீங்களா? ஒரு மாசம் உங்களுக்கே வரட்டும்."

கேட்டது நியாயம்தான் என்பதால் கணக்கு டீச்சருக்கு மறுக்க வழியில்லை.

திங்கட்கிழமை கடைசி பீரியடில் போன் அடித்தது. வகுப்பை நிறுத்திவிட்டு டெய்லரைக் கூப்பிட்டார். அளவு எடுக்கப்பட்டது. செவ்வாய் இரண்டு தடவை. புதன்கிழமை தலைமையாசிரியர் பேசிக்கொண்டிருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்த ஏதோ ஒரு காரணத்தைச் சொல்லி எழுந்து வெளியே போக வேண்டியிருந்தது. தம்பி பெண்டாட்டி ஒரு வருடமாக லேபில் யாரிடம் என்ன காரணம் சொல்லியிருப்பாள் என்று புதனன்று முதல்முறையாக யோசித்தார். கேட்கவில்லை.

வியாழக்கிழமை அடித்தபோது டெய்லர் வெளியூரில் இருந்தார். நாத்தனார் விடைத்தாள் கட்டை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தார். எட்டு நிமிடம். அப்பா முதல் மாடிப் படியில் உட்கார்ந்து, ஷூக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை.

நிமிர்ந்து பார்த்தார். "ஏன் இவ்வளவு லேட்டு? பஸ் கிடைக்கலையா?"

அவர் கேட்டது மகளையா, ஏதோ ஒரு பயணியையா என்று தெரியவில்லை. நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து, கயிற்றைக் கட்டுவதற்குப் பதிலாக முழுசாக அவிழ்த்தார். "கிடைச்சுது. கூட்டமா இருந்துது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் மேலே போனார்கள்.

மருமகள் வந்தபோது நாத்தனார் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார். முதியோர் இல்லத்துக்குப் போன் பண்ணி, பார்த்து வைத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னதாகத் தெரிவித்தார், பாத்திரத்தைப் பார்த்தபடியே.

"என் நம்பரை எடுத்துடாதே. அது அப்படியே இருக்கட்டும். எனக்கு செவ்வாய், வியாழன் மதியத்துக்கு மேல பீரியட் மாத்திக்க முடியும். அந்த ரெண்டு நாள் நானே வந்து உட்கார்றேன்."

"சரி அண்ணி" என்றாள் மருமகள். சுவர்க் காலண்டரில் செவ்வாய்களுக்கும் வியாழன்களுக்கும் வட்டம் போட்டாள். மிச்ச நாட்களுக்குப் பெட்டி இருந்தது.