நேர்கோட்டில் பலாலி

தீவிலுள்ள சரவணைக் கிராமத்து மார்க்கண்டு வாழ்நாளில் விமானம் ஏறியதில்லை. ஆனாலும் திருச்சிக்கும் பலாலிக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் அவருடைய படலையைத் தாண்டிவிட முடியாது. கேட்காவிட்டாலும் சொல்வார்.

"நேர்கோட்டிலை நூற்றியெண்பத்தைஞ்சு கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம் பிடியாது!"

காரணம் இருந்தது. திருச்சியில் வேலை பார்க்கும் மகன் சுஜிதன் அங்கேயே ஒரு பெண்ணை விரும்பிவிட்டான். பெண்ணின் தாய் தகப்பனுக்கோ, தீவு என்றதும் தயக்கம். வந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொல்வார்களாம். பதினொரு மணிக்கு சுஜிதனோடு அவர்கள் பலாலி விமான நிலையத்தில் இறங்கும்போது மாலையும் கோட்டுமாக முதல் ஆளாய் நிற்பது, அந்த ஒரு பார்வையிலேயே தயக்கத்தைத் தீர்ப்பது என்று மார்க்கண்டு முடிவுகட்டியிருந்தார்.

"றோட்டாலை போக வாடகைக்கு ஒரு வானைப் பிடியுங்கோவன்," என்றாள் மனைவி மீனலோசனி.

"பண்ணைப் பாலத்தாலை சுத்திப் போறதோ? விமானம் சுத்துதோ?"

வரைபடத்தில் அடிமட்டத்தை வைத்துக் கோடு கிழித்தார். கோடு கடலில் இறங்கி அராலியில் கரையேறியது. அங்கிருந்து ஓட்டோ. பக்கத்து ஊர் நாரந்தனைக் கிறிஸ்தோப்பரின் மீன்பிடிப் படகு வரவழைக்கப்பட்டது.

நடுக்கடலில் கிறிஸ்தோப்பர் படகைத் திருப்பினார்.

"ஏன் வளைக்கிறீர்?"

"நேரை தண்ணி காணாது, அண்ணை. ஆழம் உந்தப் பக்கத்தாலைதான் போகுது."

"நேரை விடும். நான் கணக்குப் பாத்தனான்."

"நான் தண்ணியைப் பாத்தனான், அண்ணை."

கணக்கு வென்றது. படகு சேற்றில் குந்தியது.

சற்று நேரத்தில் விமானம் ஒன்று இரைந்தபடி பலாலிப் பக்கம் தாழ்ந்தது. "உங்கடை ஆக்கள் போயினம். கையை எண்டாலும் காட்டுங்கோ," என்றார் கிறிஸ்தோப்பர். இடுப்பளவு சேற்றில் கோட்டோடு நின்று படகைத் தள்ளிக்கொண்டிருந்த மார்க்கண்டு, வேறு வழியில்லாமல் மாலையை உயர்த்தி ஆட்டினார். கிறிஸ்தோப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்சம் பொறுத்து மார்க்கண்டுவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படகு மிதக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. அதற்குள் சுஜிதன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, பாத்துப் பாத்து நிண்டிட்டு வான் பிடிச்சனாங்கள். வீட்டை வந்திட்டம். நீங்கள் எங்கை?"

மார்க்கண்டு படகைச் சரவணைக்கே திருப்பச் சொன்னார். இம்முறை வளைந்துதான் வந்தார்கள்.

முன்வாசலில் ஆட்கள். கோட்டில் சேறு. பின்பக்கத்தால் பதுங்கிக் குசினிக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றார். பெண்ணின் தாய் அன்னபூரணம், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மீனலோசனி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடிமட்டத்திலிருந்து அராலி வரைக்கும் எல்லாம் சொல்லி முடித்தாயிற்று என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அன்னபூரணம் எழுந்து கைகூப்பினார். "வாங்க, வாங்க சம்பந்தி! எங்களைக் கூட்டிட்டு வர கடல்லயே இறங்கிட்டீங்களாமே! பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

சம்பந்தி! அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இவ்வளவு பாடும். மார்க்கண்டு பூவெல்லாம் உதிர்ந்து கையில் மிஞ்சிய மாலை நாரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தூரம் கிட்டத்தான்," என்றார். "வந்து சேரத்தான் கொஞ்சம் நேரம் பிடிச்சுது."