டெல்லாவின் இரண்டாவது தோட்டா

டெல்லாவின் துப்பாக்கி ஒரே ஒரு தோட்டாதான் சுட்டது. இருபது தோட்டா கொள்கிற துப்பாக்கி. முதலாவதைச் சுட்டதும் காலித் தோட்டாவைத் துப்பாமல் வாயில் அடக்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும். அவள் கையால் இழுத்து அடுத்ததை ஏற்றுவதற்குள் கொயோட்டி நரி ஆட்டுக்குட்டியோடு மேட்டைத் தாண்டியிருக்கும். ஆடுகள் குட்டி போட ஆரம்பித்த ஒரு மாதத்தில் பதினோரு குட்டிகள் இப்படிப் போயின.

கோளாறு என்னவென்று அவள் கணவன் ஓரினுக்கு முதல் நாளே தெரியும். குழலின் மேல் ஒரு சின்னத் துளை. அதை மூடினாற்போல் கட்டைவிரல் அளவில் ஓர் இரும்புக் கட்டை, கேஸ் பிளாக். சுடும்போது துளை வழியே பீறிடும் புகையை அது பின்பக்கம் திருப்பிவிடும். அந்த வேகத்தில்தான் காலித் தோட்டா வெளியே விழுந்து புதியது ஏறும். கட்டை மயிரிழை நகர்ந்தாலும் போச்சு. நகர்ந்திருந்தது. அதை மாட்டியவன் ஓரின்தான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

திரும்ப மாட்ட அரைமணி நேரம் போதும். ஆனால் புதன்கிழமை டெல்லாவின் அண்ணன் ராய்ஸ் பில்லிங்ஸ் நகரத்திலிருந்து வந்து சேர்ந்தான். அவன் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவன்.

"ஸ்குரூவா போட்டு வெச்சிருக்கே? மாப்ளே, இது துப்பாக்கியா, அலமாரிக் கதவா?"

"குழல்ல சின்னதா ஒரு குழி போட்டு, ஸ்குரூ முனை அதுல உட்கார்ற மாதிரி இறுக்கினா ஜென்மத்துக்கும் அசையாது மச்சான்."

"அசைஞ்சிருக்கே."

"இந்தத் தடவை குழி போடலை. அவ்வளவுதான்."

"குறுக்கே துளை போட்டு ஒரு இரும்புப் பின் அடிக்கணும்யா. நீ செத்தாலும் அது நகராது."

"நான் செத்தா அது நகர்ந்தா என்ன, நகராட்டி என்ன? நாளைக்கே கட்டையைக் கழட்டணும்னா?"

"எதுக்குக் கழட்டறே? உனக்குக் கை சும்மா இருக்காதா?"

புதன் போயிற்று, வியாழன் போயிற்று. இரண்டு ஆம்பிளைகள், இரண்டு பானை காபி, பட்டறை மேஜை மேல் அக்கக்காகக் கழற்றிப் போட்ட துப்பாக்கி. வெள்ளிக்கிழமை மத்தியானம் டெல்லா ரப்பர் பூட்ஸோடு உள்ளே வந்தாள்.

"எதையாவது அடிச்சுத் தொலைங்க. நாளைக்கு விடியும்போது எனக்கு ரெண்டாவது தோட்டா வேணும். அண்ணன் சொல்றபடியே பின் அடிங்க."

ஓரினுக்குச் சுருக்கென்றது. கட்டின பெண்டாட்டியே அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ராய்ஸ் குழலை எடுத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினான். மேஜை மேல் ஒரு நட்டு கிடந்தது, குழந்தை வளையல் அளவு. குழலையும் துப்பாக்கி உடம்பையும் சேர்த்துப் பூட்டுவது அதுதான். அதைக் குழலின் முனை வழியாகத்தான் கோக்க முடியும், அதுவும் கட்டையை மாட்டுவதற்கு முன்னால். கட்டை உட்கார்ந்த பிறகு நட்டு அதைத் தாண்டாது. இது ராய்ஸுக்குத் தெரியாததல்ல. பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனான்.

ஓரின் வாயைத் திறந்தான்.

"நீ ஒண்ணும் சொல்லாதே மாப்ளே," என்றான் ராய்ஸ், தலையைத் திருப்பாமலே. "உன் வேலையோட லட்சணத்தைத்தான் பதினோரு குட்டியும் பார்த்துட்டுப் போச்சே."

ஓரின் வாயை மூடிக்கொண்டான். தொப்பியைக் கழற்றி நட்டின் மேல் கவிழ்த்து வைத்தான். சாப்பாட்டு மேஜையில்கூட அவன் கழற்றாத தொப்பி அது. தலை அரிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ராய்ஸ் துளை போட்டான், பின் அடித்தான், இரண்டு முனைகளையும் அரத்தால் ராவி வழவழப்பாக்கிக் கறுப்பு மருந்து தடவினான். வேலை சுத்தம், பொய் சொல்லக் கூடாது.

"பின் எங்கே இருக்கு, கண்டுபிடி பார்ப்போம்."

ஓரின் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியலையே மச்சான்," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்தான்.

ராய்ஸ் அந்த நட்டை வெகுநேரம் பார்த்தான். "ஐயோ," என்றான். பிறகு, "இதை எப்பப் பார்த்தே?"

"இப்பதான்."

பின்னைத் தட்டிக் கழற்ற வேண்டுமானால் அது எங்கே இருக்கிறதென்று தெரிய வேண்டும். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ராய்ஸ் அவ்வளவு நன்றாக மறைத்திருந்தான்.

டெல்லா குட்டிக்குப் பால் கொடுக்கிற புட்டியோடு வந்து நின்றாள். "ஆச்சா?"

அவள் கண் குழலுக்குப் போயிற்று, நட்டுக்குப் போயிற்று, ஓரின் கையிலிருந்த தொப்பிக்குப் போயிற்று, கடைசியில் அவன் வழுக்கைத் தலையில் நின்றது.

"நம்ம கல்யாணத்தன்னிக்குக் கழட்டின தொப்பி, அப்புறம் இன்னிக்குத்தான்," என்றாள். "தெரிஞ்சே வேடிக்கை பார்த்தியா? அங்கே குட்டிங்க சாகுது, நீ இங்கே ஜெயிச்சுக்கிட்டு இருந்தியா?" ஓரின் நட்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்த் தன் அப்பாவின் பழைய துப்பாக்கியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடுவது. "நாளைக்கு நீ போ."

விடிகிற நேரம் ஓரின் வேலியோரம் உறைபனியில் குப்புறப் படுத்திருந்தான். கொயோட்டி ஓடை வழியாக, அவசரமே இல்லாமல் வந்தது. ஒரு குட்டியைக் கவ்வியது. அவன் சுட்டான். குண்டு அதன் காலடியில் மண்ணைக் கிளப்பியது. அது குட்டியோடு மேட்டை நோக்கி ஓடியது. இன்று அது கவ்விய இடத்திலிருந்து மேடு தூரம், இன்னொரு முறை சுட நேரம் இருந்தது. ஓரின் துப்பாக்கியைத் திறந்து, காலித் தோட்டாவைத் தட்டிவிட்டு, பையில் கையை விட்டான். விறைத்த விரல்களில் அகப்பட்டது நட்டு. அதை எறிந்துவிட்டு மறுபடி துழாவித் தோட்டாவை எடுத்தபோது மேட்டில் ஒன்றுமில்லை.

தாய் ஆடு அந்தப் பக்கமே பார்த்துக் கத்திக்கொண்டு நின்றது. ஓரினுக்கு எழுந்து வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. போனான்.

டெல்லா வாசற்கதவருகே நின்றிருந்தாள். "சத்தம் கேட்டுச்சு. அடிச்சியா?"

"ஒண்ணுதான் சுட முடிஞ்சுது."

"ம்," என்றாள் அவள். "ஒரு மாசமா நானும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுத் தாய் ஆட்டைப் பார்க்கப் போனாள்.