நாச்சிமுத்துவின் எட்டெழுத்து

நாச்சிமுத்து சென்னையில் படிப்பை முடித்து எருமப்பட்டிக்கு வந்து இறங்கியபோது அவன் பின்னால் எட்டு இங்கிலீஷ் எழுத்துகள் நடந்து வந்தன. அது 1928ஆம் வருஷம், வைகாசிக் கடைசி. எழுத்துகள் நடந்ததை யாரும் வியக்கவில்லை. படித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் அது வழக்கம்தான். நாமக்கல் வக்கீல் ஒருவருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று நான்கு எழுத்துகள் கோர்ட்டுக் கச்சேரிக்குப் போய்வரும். ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு புள்ளி மிளகுபோல் உருண்டு வரும். ஆஸ்பத்திரி வைத்தியருக்கு எல்.எம்.பி. என்று மூன்று. சர்க்கார் பட்டம் பெற்ற பெரிய மனிதர்களுக்கு மட்டும் ராவ் பகதூர் என்பது முன்னால் நடக்கும். எதிரே வருகிறவர்கள் முதலில் அதற்கு ஒதுங்கி, பிறகு மனிதருக்கு ஒதுங்குவார்கள். சந்தை நாளில் எழுத்துகள் மிதிபடாமலிருக்க வண்டிக்காரர்கள் மாட்டை இழுத்துப் பிடிப்பார்கள்.

ஊரை வியக்க வைத்தது எண்ணிக்கை. வக்கீலுக்கே நான்கு, நம் பையனுக்கு எட்டு. முன்னால் வந்த பி.ஏ. எல்லோருக்கும் கண்டு பழகிய சாயல். அதன்பின் இரண்டு கருக்கரிவாள்களை எதிரெதிரே நிறுத்தியதுபோல் அடைப்புக்குறிகள். நடுவில் ஆறு எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, தலை கவிழ்ந்து வந்தன. அவன் தாய் சின்னாயி புருஷன் போனபின் கடலைக்காட்டில் ஒண்டியாகப் பாடுபட்டு அவனைப் படிக்க வைத்தவள். "என்ற பையன் எழுத்துக்கு அருவா காவல் போட்டு அனுப்பியிருக்காங்க" என்று கிணற்றடியில் சொன்னாள்.

அந்த ஆறெழுத்தையும் சேர்த்துப் படித்தால் ‘ஃபெயில்டு’, தேறவில்லை என்று பொருள். பரீட்சையில் தவறியவர்களும் பி.ஏ. போட்டு, அடைப்புக்குறிக்குள் உண்மையையும் போட்டுக்கொள்வது அன்றைய பழக்கம். தாயின் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல நாச்சிமுத்துவுக்கு மனம் வரவில்லை.

எட்டெழுத்து மாப்பிள்ளை என்ற பேச்சு பனமரத்துப்பட்டி வரைக்கும் போயிற்று. அங்கே ஏரிக்கரையில் பண்ணையம் பார்த்த கருப்பண்ணன், மகள் பூவாத்தாளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தன் அக்காள் மாரக்காளோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான் தபால்காரர் பொன்னன் விளையாட்டாக அந்த ஆறெழுத்தைக் கூட்டிப் படித்துச் சின்னாயிக்கு அர்த்தம் சொன்னார். அவள் அழவில்லை. கோழியைப் பிடிப்பதுபோல் ஆறையும் பிடித்து, அடைப்புக்குறிகளோடு காலிச் சோளக்குதிருக்குள் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லை ஏற்றினாள். "நாளைக்கு ஒருபொழுது பேசாம இரு சாமி. தாலி ஏறிட்டா அப்புறம் யாரும் எழுத்தை எண்ண மாட்டாங்க" என்றாள்.

கருப்பண்ணன் வந்ததும் எண்ணினார். "ஏனுங்க, எட்டுன்னு சொன்னாங்க. ரெண்டுதானுங்க நிக்குது?"

"மீதி ஆறும் நாமக்கல்லுக்குச் சாமி கும்பிடப் போயிருக்குதுங்க" என்றாள் சின்னாயி.

அவருக்குத் திருப்தி. பேச்சு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும் நேரத்தில் குதிருக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. மாரக்காள் காது கொடுத்தாள். "கன்னுக்குட்டியை எங்கியோ அடைச்சுப் போட்டு மறந்துட்டீங்களாட்ட இருக்குது. தாகத்துல கத்துதுங்க."

"கோழிங்க."

"கோழி இப்படிக் கத்துமாக்கும்?"

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கல்யாணம் நிச்சயம் என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். ஆனாலும் அவன் எழுந்து போய் அம்மிக்கல்லை இறக்கினான். ஆறெழுத்தும் தடுமாறி வெளியே வந்து, மேலெல்லாம் சோளத்தூசியோடு அவன் காலில் சாய்ந்துகொண்டன.

"இதென்னதுங்க தம்பி?" என்றார் கருப்பண்ணன்.

"தேறலைன்னு அர்த்தங்க மாமா. பரீட்சையில போயிட்டேன். அம்மாளுக்கு நேத்து வரைக்கும் தெரியாது. நான் மொதல்லயே சொல்லியிருக்கோணும்."

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். மாரக்காள் எழவில்லை. தனக்குக் குடிக்கக் கொடுத்த செம்புத் தண்ணீரை ஆட்டுத்தொட்டியில் ஊற்றி எழுத்துகளின் முன்னால் நகர்த்தினாள். அவை சத்தமில்லாமல் குடித்தன.

"உக்காரு தம்பி" என்று கருப்பண்ணனிடம் சொன்னாள். "தன்னைத் தலைகுனிய வெக்கறதையே தாகத்துல தவிக்க உட மாட்டேங்கறான். நம்ம புள்ளையவா தவிக்க உடுவான்?"

கருப்பண்ணன் குனிந்து எழுத்துகளைப் பார்த்தார். பிறகு, "கடிக்குமா?" என்று கேட்டார்.

"கடிக்காதுங்க."

அவர் உட்கார்ந்தார். ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஊர்வலத்தில் எட்டெழுத்தும் போயின.

நாச்சிமுத்து ஊராருக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தான். அவன் காலடியில் படுத்திருந்த ஆறெழுத்தைப் பார்த்தவர்களுக்கு அவனிடம் கூச்சம் இருக்கவில்லை. மழை பொய்த்ததையும் வழக்கு தோற்றதையும் பிள்ளை நிலைக்காததையும் மனுவுக்குத் தேவையில்லாவிட்டாலும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண்டவன் ஒரு குறையைக் கொடுத்தால் அதில் பிறர் வந்து உட்கார இடமும் வைத்துத்தான் கொடுக்கிறான். பூவாத்தாள் நாள் தவறாமல் எழுத்துகளுக்குக் கஞ்சித்தண்ணீர் வைத்தாள்.

1936இல், அவள் தூண்டி எழுதிய பரீட்சையில் அவன் தேறினான். செய்தி வந்த காலையில் அடைப்புக்குறிகள் முற்றிய புளியங்காய்போல் கழன்று விழுந்தன. இனித் தங்களுக்கு இங்கே வேலையில்லை என்று ஆறெழுத்தும் வாசல் படலைத் தாண்டி வெளியே போய், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன. இடுப்பில் குழந்தையோடு பூவாத்தாள் வாசலுக்கு வந்தாள்.

"எங்க கெளம்பிட்டீங்க? கஞ்சி ஆறுதில்ல?"

அவை திரும்பி வந்தன. அடைப்புக்குறிகளைச் சின்னாயி சோளத்தட்டு அறுக்க வைத்துக்கொண்டாள். நல்ல இரும்பு என்றாள். எழுத்துகள் ஆட்டுக்குட்டிகளோடு படுத்தன. பரீட்சை முடிவு வரும் மாதத்தில் மட்டும், சுற்று வட்டாரத்தில் எந்த வீட்டுப் பிள்ளை தவறியிருக்கிறதோ அந்த வீட்டுக்குத் தாமாகவே போய், அந்தப் பிள்ளை எழுந்து சாப்பிடும்வரை பக்கத்தில் படுத்திருந்துவிட்டு வந்தன. வைகாசி பிறந்ததும் வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வைப்பது அந்தப் பக்கத்து வீடுகளில் வழக்கமாயிற்று.