ஓடுதளத்தில் உட்கார்ந்தவர்கள்

தெலுக் பங்லிமா காராங் ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் போனால் ஒரு பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, தோட்டத்துத் தமிழர்களைக் கல் சுமக்க வைத்துப் போட்ட தளம். அவன் தோற்றதும் வெள்ளைக்காரன் வந்து கொஞ்ச காலம் விமானம் இறக்கினான். அவனும் போன பிறகு மாடு மேய்ந்தது, இளவட்டங்கள் மோட்டார் ரேஸ் ஓட்டினார்கள். நாதியற்றுக் கிடந்த அந்த இடத்துக்கு இப்போதுதான் யோகம் அடித்திருக்கிறது. வரலாற்றுப் பூங்கா ஆக்குகிறார்களாம். திறப்பு விழாவில் தமிழ் நாடகம் வேறு.

இயக்குநர் ராதாகிருஷ்ணன், பிரிக்பீல்ட்ஸ் நாடக வட்டாரத்தில் பெரிய கை. கூலிகளாக நடிக்கச் செந்தூலிலிருந்து பஸ் வைத்து ஆள் பிடித்து வந்தார். "ஒங்களுக்கெல்லாம் மேக்கப்பே வேணாம் லா, ஒரிஜினல் லுக்!" என்று சிரித்தார். ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்யும் கேத்தரினுக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் வந்திருந்தாள். அவள் தாத்தா கபிரியேல் கல் சுமந்த தளம் இது.

ஒத்திகையில்தான் வினை. கல்கூடையோடு வரும் கூலிகள் ஜப்பானியக் காவலாளிக்குக் குனிந்து கும்பிட வேண்டுமாம்.

"சார், இங்க எங்க தாத்தா கும்பிடல. கூடைய எறக்கி வச்சிட்டு நடுத் தளத்துல உட்கார்ந்துட்டாரு. கூட நாலு பேரும் உட்கார்ந்தாங்களாம்."

"அதுக்கு ரெக்கார்ட் இருக்கா கேத்தரின்?"

"அவன் துப்பாக்கிக் கட்டையால அடிச்சதுல எடது காது போச்சு சார். சாகுற வரைக்கும் வலது பக்கமா போய்த்தான் பேசுவோம். அந்தக் காது ரெக்கார்ட் இல்லையா?"

"குடும்பக் கதையெல்லாம் நாடகத்துக்கு ஆகாதும்மா. விஐபி வராங்க. சொன்னத செய்யுங்க."

கேத்தரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடி வாங்கியவர் பேரனுக்கும் பேத்திக்கும் சொன்னால் கதை, அடித்தவன் எழுதி வைத்தால் வரலாறா? கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள்.

விழா அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மேடை நிறையப் பெரிய மனிதர்கள். கூலிகள் வரிசையாக நடந்தார்கள், முதல் ஆள் கேத்தரின். ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் கம்பீரமாக முழங்கியது: "தொழிலாளர்கள் காவலாளியைப் பணிந்து வணங்கினார்கள்!"

கேத்தரின் கூடையை இறக்கினாள். காலை மடக்கி, கொதிக்கிற தளத்தில் உட்கார்ந்தாள்.

யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. தனியாகவே உட்கார்ந்திருக்க நேரலாம் என்று தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

காவலாளி வேஷம் போட்ட விமலன் துப்பாக்கியை ஓங்கிவிட்டு முழித்தான். "அக்கா, எந்திரிங்கக்கா. சார் பாக்குறாரு."

"அடிக்கணும்னா அடிடா தம்பி. அவங்க அடிச்சாங்க."

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். வரிசையில் அடுத்து வந்த ரமணி கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். "எங்க ஆளுங்களும் தோட்டத்துலேர்ந்து வந்தவங்கதான்கா" என்றாள். பிறகு அய்யாவு. பிறகு வரிசை முழுக்க.

ஒலிபெருக்கிக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? "வணங்கியவர்களுக்குக் காவலாளி தண்ணீர் கொடுத்தான்!" என்றது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடையில் யாரும் சிரிக்கவில்லை.

"இதோ, வெற்றி வீரர்களின் விமானம்!" என்று குரல் அடுத்த காட்சிக்குத் தாவியது. அட்டை இறக்கை கட்டிய லோரி ஓடுதளத்தில் உறுமிக்கொண்டு வந்தது, உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டு சடக்கென்று நின்றது. ஹார்ன் அடித்தது. விடாமல் அடித்தது.

ராதாகிருஷ்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "வழிய விடுங்கம்மா! விமானம் எறங்கணும்!"

கேத்தரின் அசையவில்லை.

"புல்லு மேல எறக்கச் சொல்லுங்க சார்" என்றாள். "இது எங்க ஆளுங்க போட்ட கல்லு."