நின்றே தேய்ந்த டயர்கள்

"ஓட்டவே இல்லையா? ஒரு தடவகூடவா?"

"ஸ்டார்ட் பண்ணி வைக்கத்தான சொன்ன. ஓட்டச் சொல்லலையே அண்ணே."

கைப்பேசித் திரையில் மகேஷ் தலையைச் சொறிந்துகொண்டான். டொரண்டோவில் அவன் தூங்கப் போகும் நேரம். இங்கே அடையாறில், டயர் கடை வாசல் வெயிலில், அவன் தங்கை சண்முகவடிவு போனை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள்.

வண்டியின் பின்சக்கரத்தைத் தடவிக்கொண்டு குந்தியிருந்த கடைக்காரர் பிரபு, போனைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "சார், டயரு மேல இருக்கற பட்டனெல்லாம் புதுசாட்டம் கீது. தேயவே இல்ல. ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நின்ன எடத்துலயே நின்னுக்கினு இருந்ததுல அடி தட்டையாயிடுச்சு. மேடம், வர்ற வழியில டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டிருக்குமே?"

கேட்டது. மந்தைவெளி வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டும் வரை கேட்டது. வண்டிக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு கதவைத் தட்டுவதுபோல.

தரையோடு படுத்தாற்போல இருக்கும் நீல நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். மகேஷ் அதை வாங்கிய வருடமே வெளிநாட்டு வேலை கிடைத்து, போர்ட்டிகோவில் விட்டுவிட்டுப் போனான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் வடிவும் அந்தக் காரும் மிஞ்சினார்கள். பகலில் தி. நகரில் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் கணக்குப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் கூப்பிடுவான். "ஸ்டார்ட் பண்ணுனியாட்டி?" என்பதுதான் அவனுடைய வணக்கம். சாவியைத் திருப்பிவிட்டுப் போனைப் புகைக்குழாய் பக்கம் கொண்டுபோவாள். "இன்னும் கிட்ட," என்பான். அவன் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பான், அவள் போனை நீட்டிப் பிடித்து, திரையில் அவனைப் பார்த்துக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம், "சரி, ஆஃப் பண்ணு." வாரத்தில் அவ்வளவு நேரம்தான் அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

போன வாரம்தான் அவன் புதிதாக ஒன்று சொன்னான். "டயர மாத்தணும் வடிவு. கடைக்காரர்கிட்ட நானே பேசுதேன்."

ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு யாராவது டயர் மாற்றுவார்களா? அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மாடியில் அண்ணன் அறையின் திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தாள். மெத்தையை வெயிலில் போட்டாள்.

"மூணு ஐட்டம் கீது சார்," பிரபு எழுந்து கையைத் துடைத்தார். "ஒண்ணு, கம்பெனில வந்த மாதிரியே. மெத்துனு இருக்கும், மழையிலயும் ரோட்ட கவ்வி புடிச்சுக்கும். ஆனா சீக்கிரம் தேஞ்சுடும். ஓட்டிக்கினே இருக்கறவங்களுக்குத்தான் அது. இன்னொண்ணு நடுத்தரம். மூணாவது கல்லு மாதிரி, தேயாது. ஈரத்துல மட்டும் கொஞ்சம் உஷாரா போவணும்."

வடிவு திரையைப் பார்த்தாள். இந்தக் காரை வாங்குவதற்கு முன் மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையில் டயரைப் பற்றியே பேசியவன். தோசையைத் தட்டில் அழுத்தி, ரப்பர் எப்படி ரோட்டைப் பிடிக்கும் என்று காட்டியவன். இப்போது ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான்.

"சைஸ் சேந்தா போதும் பிரபு. மூணாவதையே போடுங்க," என்றான் மகேஷ். "விக்கப்போற வண்டிதான. சனிக்கிழம கோயம்புத்தூர்லருந்து ஒருத்தர் எடுக்க வாராரு."

"ஓ, அப்படியா சார்."

"ஏட்டி, திரை ஆடுது. போன நேராப் பிடி."

அவள் நேராகப் பிடித்தாள். "எப்ப முடிவு பண்ணினே?"

"எத? வண்டியா? இங்க வீடு வாங்குதோம்லா. சொன்னேனே."

சொல்லவில்லை. மனைவியிடமோ, நண்பர்களிடமோ சொல்லியிருப்பான். எல்லோரிடமும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அங்கே அவனுக்கு ஆட்கள் இருந்தார்கள்.

"சரி, தூக்கம் வருது. ஆர்.சி.ய எடுத்து வச்சிரு, என்னா?" திரை அணைந்து, அதில் அவள் முகமே தெரிந்தது.

பிரபு உள்ளே திரும்பி, மூன்றாவது வகையை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுக்கப் போனார்.

"அது வேணாம்," என்றாள் வடிவு. "மொதல்ல சொன்னத போடுங்க. மெத்துனு இருக்கறது."

"விக்கிற வண்டிக்கா? இன்னா மேடம், எவனோ ஓட்றதுக்கு நீங்க எதுக்கு..."

"விக்கல."

"இப்பதான சார் சொன்னாரு?"

"அவன் அப்படித்தான் சொல்லுவான். வந்துருவான்."

பிரபு அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு, "வந்தா நம்ம கடைக்கு ஒரு தபா இட்டுனு வாங்க, நாலு விசயம் பேசலாம்," என்றார். அவள் தலையாட்டினாள். தான் சொன்ன பொய் இன்னொருவர் வாயில் உண்மைபோல் ஒலித்தது அவளுக்கு இதமாக இருந்தது. டயர்கள் மாட்டி முடியும்வரை அந்த இதத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது வீட்டுப் பக்கம் போகாமல் கடற்கரைக்கு விட்டாள். புது டயர் வழுக்கும், கொஞ்ச தூரம் மெதுவாகப் போகவேண்டும் என்று பிரபு சொல்லியிருந்தார். மெதுவாகவே போனாள். டொக்கு டொக்கு இல்லை. வண்டி வழுவழுவென்று ஓடியது. காலையில் அந்தச் சத்தமாவது கூட வந்தது.

ஊரூர் குப்பத்தின் ஓரத்தில், படகுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மீன்கூடையோடு போன ஒரு அம்மாள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இன்னாம்மா, ஒண்டியாவா வந்துகினே? அந்த சீட்டு சும்மாத்தான கீது, என் கூடைய வச்சுக்கோ, மார்க்கெட்டாண்ட எறக்கி வுடு!"

"வச்சுக்கோங்களேன்," என்று வடிவு கதவைத் திறக்கப் போனாள்.

"அய்ய, மெய்யாலுமே தொறக்குது பாரு! கவுச்சி அடிக்கும் தாயி, பூட்டிக்கோ." அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

வடிவு கொஞ்ச நேரம் காலி இருக்கையைப் பார்த்தாள். போனை எடுத்து, குரல் பதிவு செய்ய ஆரம்பித்து, அழித்தாள். வண்டியை விற்காதே என்று சொல்லி அதையும் அழித்தாள். மூன்றாவது முறை நிறுத்தாமல் பேசினாள்.

"அண்ணே, டயர் மாத்தியாச்சு. நீ சொன்னத போடல, நல்லதத்தான் போட்டிருக்கேன். வையாத. சனிக்கிழம அவர் வந்தா சாவியக் குடுத்துருதேன். ஆர்.சி. பீரோவுலதான் இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். வண்டி போனப் பொறவும் ஞாயித்துக்கிழம கூப்பிடுதியா? ஒண்ணும் பேசாண்டாம். சும்மா லைன்ல இருந்தாப் போதும். இருப்பியா அண்ணே?"