இரண்டாம் ஆளுக்கு நீலம் இல்லை

அந்தத் தாளை அவர் விரித்துக் காட்டியபோது என் கையில் மெழுகுக் கத்தி இல்லாமல் போனது அவருடைய நல்ல நேரம். நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க முதுகில்லாத ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்து, சூடான கத்தியால் மெழுகைச் சீவி, பல் போனவர்களுக்கெல்லாம் பல் வைத்துக் கொடுக்கிறேன். இருபத்தாறு வருஷமாக இதே ஸ்டூல். எங்கள் கல்யாணத்துக்கும் அதே வயசுதான்.

என் கணவர் பஸ் டிப்போவில் ட்யூட்டி சார்ட் போடுகிறவர். எந்த டிரைவர் எந்த பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எங்கே நிறுத்திச் சாப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருடைய பென்சிலில் இருக்கிறது. அந்தப் பென்சிலுக்கு ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். சிவப்பு என்றால் வேலை, நீலம் என்றால் ஓய்வு. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். டிப்போவில் அவரைப் பென்சில் சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

மகளுக்கு வேலை கிடைத்துத் தனியாக வீடு எடுத்துக்கொண்டு போன பிறகு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஐரோப்பா போவதென்று முடிவானது. ஆறு நாடு, முப்பத்தொரு நாள். லேபில் இத்தனை நாள் லீவை இதுவரை யாரும் கேட்டதே இல்லை. எட்டு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் போய் உட்கார்ந்து நான் சேர்த்த லீவு அது. எந்த ஊர், எந்த ரயில், எங்கே தங்குவது என்பதையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டேன். மணிக்கணக்குப் பார்த்தே வளர்ந்த மனுஷன், ஆசையாகச் செய்யட்டும் என்று நினைத்தேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஆஸ்திரியாவில் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை மூன்று தடவை சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அங்கே மூன்று நாள் வேண்டும் என்றேன். எதையும் பார்க்கப் போகாமல், எதையும் செய்யாமல், முதுகைச் சாய்த்து உட்கார ஒரு நாற்காலி கிடைத்தால் போதும். அப்படி ஒரு மூன்று நாள் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை. பிரசவம் முடிந்த நாலாம் நாளே எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவள் நான்.

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு அதை விரித்தார். டிப்போ சார்ட் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தார். மேஜையைத் தாண்டி இரண்டு பக்கமும் தொங்கியது. ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரிசை. மேல் வரிசையில் ஆள் ஒன்று, அது அவர்; கீழ் வரிசையில் ஆள் இரண்டு, அது நான்.

"எப்படி?" என்றார். தேர்வில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி முகம்.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆம்ஸ்டர்டாமில் இறங்குகிற நிமிஷத்திலிருந்து ரோமில் விமானம் ஏறுகிற நிமிஷம் வரை ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. அப்புறம்தான் நிறம் கண்ணில் பட்டது. மேல் வரிசையில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வந்தன. கீழ் வரிசையில் ஒரே சிவப்பு. அவர் பெட்டியை வைத்துவிட்டு நீலத்தில் படுத்துவிடுகிற நேரத்திலெல்லாம் என் வரிசையில் சிவப்புக் கோடு போட்டு, மேலே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"இது என்ன, 'ச'?"

"சமையல். எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காதுன்னு உனக்குத் தெரியாதா? அதான் எல்லா ஊர்லயும் கிச்சன் வச்ச வீடா பாத்துப் பாத்துப் புடிச்சிருக்கேன். குக்கரை உன் பெட்டியில வச்சுக்கலாம்."

"'து'?"

"துணி."

"'பெ'?"

"பெட்டி அடுக்கறது. நான் அடுக்கினா உனக்குப் புடிக்காதுல்ல."

விரலை நகர்த்திக்கொண்டே ஏரிக்கரை ஊருக்கு வந்தேன். மூன்று நாளும் இருந்தன. நான் கேட்டதை அவர் வெட்டிவிடவில்லை. ஆனால் மூன்று நாளும் என் வரிசையில் காலையிலிருந்து ராத்திரி வரை சிவப்பாக ஒரே கோடு. அதன் மேல் பெரிதாக 'ப' என்று எழுதியிருந்தது.

"பராமரிப்பு," என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே. "பதினஞ்சு நாள் ஓடின வண்டியை மூணு நாள் நிறுத்தி, கழுவி, எண்ணெய் போட்டு எடுப்போம்ல, அது மாதிரி. நீதான் அங்க எங்கயும் போகமாட்டேன்னு சொன்னியே. சும்மாதானே இருக்கப் போற? மொத்தத் துணியும் அங்க துவைச்சுடலாம். பட்டன் கிட்டன் அறுந்திருந்தா தைச்சுக்கலாம். அடுத்த ரயிலுக்குச் சாப்பாடும் செஞ்சு எடுத்துக்கலாம்."

"நீங்க?"

"நான் அந்த மூணு நாளும் பக்கத்துல போய்ட்டு வந்துடறேன். ஒரு நாள் பழைய டிராம் மியூசியம், ஒரு நாள் உப்புச் சுரங்கம், ஒரு நாள் மலை ரயில். உன்னைத் தொந்தரவே பண்ணமாட்டேன்."

இந்த மனுஷன் கெட்டவராக இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், நான் கேட்டதை மறக்கவும் மாட்டார். நான் கேட்ட மூன்று நாளை எடுத்து, அதிலேயே என்னைத் துணி துவைக்க உட்கார வைத்திருக்கிறார். அதுவும் என் மேல் வைத்த அக்கறையாம்!

"எனக்கு ஓய்வு எங்க?" என்று கேட்டேன்.

"ரயில்ல உக்காந்துதானே வரப்போற?"

"ரயில்ல நீங்களும்தானே உக்காந்து வர்றீங்க? உங்களுக்கு அது சிவப்பு, அப்புறம் இறங்கினதும் நீலம். எனக்கு?"

"ஐயோ, இதெல்லாம் ட்யூட்டியா? வீட்டு வேலைதானே! இங்க செய்யறதைத்தான் அங்க செய்யப்போற. இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கறியே." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பத்தொம்பது வருஷமா சார்ட் போடறேன். ஓய்வு குடுக்கலன்னு ஒரு டிரைவர் என்னைக் குறை சொன்னதில்ல. நம்பிக்கை இல்லன்னா கொண்டுபோய் டிப்போ போர்டுல மாட்டிப் பாரேன். அவங்களே சொல்லுவாங்க."

"மாட்டறேன்," என்றேன்.

அவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. புதிய சார்ட் எதுவானாலும் டிரைவர்கள் உட்காரும் அறையில் மூன்று நாள் மாட்டி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டுக் கயிற்றில் தொங்கும். யாருக்கு ஆட்சேபணை இருந்தாலும் அதில் எழுதலாம். சார்ட் போட்டவர் ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பதில் எழுதாத சார்ட் செல்லாது. இதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம் செய்து வைத்தவரே அவர்தான்.

திங்கட்கிழமை லேபில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, தாளைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஓரத்தில் ஊர்ப் பெயர்கள் இருந்த பகுதியை மட்டும் பின்பக்கம் மடித்து ஒட்டினேன். காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் ஏறுகிற நேரம் அது. அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டீ டம்ளர்கள், கழற்றிப் போட்ட தொப்பிகள், சுவர் நெடுக இரும்பு லாக்கர்கள். "சார் மாட்டச் சொன்னார்," என்று சொல்லி நாலு மூலையிலும் பின் குத்திவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர் அப்படிச் சொன்னது உண்மைதானே.

முதலில் எழுந்து வந்தவரை ஹாரன் என்பார்கள். அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

"யோவ், இது எந்த ரூட்டுய்யா? முதல் ஆள் எட்டு மணிக்கே நீலத்துல படுத்துட்டான். ரெண்டாவது ஆள் பத்து மணி வரைக்கும் சிவப்புல ஓடறான்!"

இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த பெண் டிரைவர் ஒருத்தி கிட்டே வந்து, விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போனாள். "காலையிலயும் பாருங்கண்ணே. முதல் ஆளுக்கு ஏழு மணிக்குத்தான் ட்யூட்டி. ரெண்டாவது ஆளுக்கு அஞ்சரைக்கே. ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, முப்பத்தொரு நாளும்! வார லீவே கிடையாது."

"நடுவுல மூணு நாள் 'ப' போட்டிருக்கே?"

"பராமரிப்பு. வண்டியைக் கழுவற வேலை ஆள் வரிசையில எப்படி வந்துச்சு? இவனையே வண்டின்னு நினைச்சுட்டாரா?"

"பென்சில் சாருக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? இப்படி ஒரு சார்ட்டை அவர் போட்டதே இல்லையே!"

"இதை இப்படியே விட்டா நாளைக்கு நமக்கும் இதே கதிதான். எழுதுங்கய்யா நோட்டுல!"

அவர்கள் எழுதினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பேனாவைப் பிடுங்கி எழுதினார்கள். முன்பின் பழக்கமில்லாத பத்துப் பேர், யாரென்றே தெரியாத ஒரு ஆளுக்காக இப்படிக் கொதிக்கிறார்கள். ஒரே மேஜையில் இருபத்தாறு வருஷம் என்னோடு சாப்பிட்ட மனுஷனுக்கு ஒரு கட்டம்கூட நீலம் போடத் தோன்றவில்லை.

சத்தம் கேட்டு அவர் தன் அறையிலிருந்து வந்தார். போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சார், நீங்களா போட்டீங்க இதை?" ஹாரன் வழிமறித்தார். "யாரு சார் இந்த ரெண்டாவது ஆள்? எந்த டிப்போ? பாவம், சொல்லுங்க, யூனியன்ல பேசுவோம்."

அவர் தாளைக் கழற்றப் போர்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்களேன்," என்றேன் நான்.

"வீட்ல..." என்று தொடங்கிக் கனைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரம்மா. நாங்க ஊருக்குப் போறோம். அதுக்குப் போட்டது."

யாரோ சிரிக்கத் தொடங்கி அடக்கிக்கொண்டார். ஹாரன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, "நீங்களா அண்ணி?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சட்டென்று நகர்ந்து எனக்குக் காற்றாடிக்குக் கீழே இடம் விட்டார். பெண் டிரைவர் மட்டும் நகரவில்லை. நோட்டைக் கயிற்றோடு இழுத்துப் பென்சில் சாரிடம் நீட்டினாள்.

"எதுவா இருந்தா என்ன சார், போர்டுல ஏறிடுச்சு. பதில் எழுதுங்க."

அவர் வாங்கிப் படித்தார். முதல் ஆட்சேபணை அவளுடைய கையெழுத்தில் இருந்தது: 'இரண்டாவது ஆளுக்கு ஓய்வு ஏன் இல்லை?' அதற்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு நின்றார். எந்த ஆட்சேபணைக்கும் விதி எண்ணோடு பதில் எழுதுகிற மனுஷன். பேனா முனை தாளில் பட்ட இடத்தில் மை ஊறிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'பதில் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. இத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று நெஞ்சு கொஞ்சம் இளகத்தான் செய்தது. அடுத்த நிமிஷமே அந்த 'ப' கண்முன் வந்து நின்றது. கோபம் துளியும் குறையவில்லை.

"அப்போ இது செல்லாது," என்று பின்னைப் பிடுங்கித் தாளை இறக்கினேன். "புதுசா நான் போடறேன். வாங்க."

அவருடைய அறைக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். நல்ல நாற்காலி, முதுகு சாய்ந்தது. இது நாள்வரை அதில் நான் உட்கார்ந்ததில்லை. புதுத் தாளை எடுத்து, அவர் காதிலிருந்து பென்சிலை உருவினேன். சமையலைச் சரிபாதியாகப் பிரித்தேன், துணியையும் பிரித்தேன். கிச்சன் வைத்த வீடுகளில் இரண்டை அடித்துவிட்டு, அங்கே ஓட்டல் சாப்பாடு என்று எழுதினேன். ஏரிக்கரை ஊருக்கு வந்ததும் என் வரிசையில் மூன்று நாளும் நீலத்தை இழுத்தேன். பென்சில் உடையும் அளவுக்கு அழுத்தி இழுத்தேன். மேல் வரிசையில் அதே மூன்று நாளுக்கும் சிவப்பைப் போட்டு, 'து' என்றும் 'ச' என்றும் எழுதினேன். டிராம் மியூசியம் அத்தோடு போயிற்று.

அவர் மேஜைக்கு அந்தப் பக்கம், டிரைவர்கள் நின்று பேசுகிற இடத்தில், நின்றுகொண்டே பார்த்தார். வாசலில் ஹாரனும் இன்னும் நாலைந்து பேரும் பஸ் எடுக்கப் போகாமல் நின்றிருந்தார்கள். மேல் வரிசையை முதலிலிருந்து கடைசி வரை அவர் படித்தார். சண்டைக்கு வருவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

சண்டைக்கு வரவில்லை. ரொம்ப மெதுவாக, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் கேட்டார்: "துணி துவைக்கிற மெஷினை எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாதே?"

"எனக்கு மட்டும் என்ன, பொறக்கும்போதே சொல்லிக்குடுத்தா அனுப்பினாங்க?" என்றேன். டிப்போ முழுக்கக் கேட்டிருக்கும். "கிளம்ப இன்னும் நாப்பது நாள் இருக்கு. இன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா அந்த மெஷின் முன்னாடி போய் நில்லுங்க."